மனை பிரிக்குமுன் பொதுவைப் பிரிப்போம்

சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு தீர்மானம் அடிக்கடி வரக் காண்கிறோம். ஊரின் எல்லையில் நிலம் வாங்கி, அதனை மனைகளாகப் பிரித்து, வீடில்லாத அங்கத்தினர்களுக்குப் புதிய குடியிருப்பு ஒன்றை அமைக்க வேண்டும் என்பதே அது. தீர்மானம் படிக்கப்பட்டதும் கைதட்டல் எழுகிறது. எதிர்த்துப் பேசுவார் எவருமில்லை. அதில் வியப்பும் இல்லை. தந்தை காலத்து வீட்டை மூன்று பங்காக்கிக்கொண்டு, தறி ஒரு பங்கிலும் அடுப்பு மற்றொரு பங்கிலுமாக வாழும் நெசவாளர் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. மகனுக்கு மணமுடித்த கையோடு மாட்டுக் கொட்டகையின் ஒரு பகுதியைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்த விவசாயிகளையும் நாம் அறிவோம். இவர்களுக்கெல்லாம் ஒரு கூரை வேண்டும். அதைத் தனித்தனியே தேடி அலைவதைவிடச் சங்கமாகச் சேர்ந்து தேடுவதே கூட்டுறவுக்கு அழகு.

ஆனால் தீர்மானம் நிறைவேறியதும் கூட்டத்தில் எழும் முதற் கேள்விதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. “எத்தனை மனை தேறும்?” என்பதே அக்கேள்வி. நிர்வாகக் குழுவினரும் உடனே காகிதத்தை எடுத்து, வாங்க எண்ணும் பரப்பை மனையின் அளவால் வகுக்கத் தொடங்கிவிடுகின்றனர். வகுத்து வந்த ஈவு பெரிதாக இருந்தால் அனைவரும் மகிழ்கின்றனர். தெரு எங்கே, வடிகால் எங்கே, பாவு விரிக்கும் இடம் எங்கே, பின்னாலிருக்கும் வயலுக்கு வண்டி போகும் வழி எங்கே என்ற கேள்விகள் பிறகு வருகின்றன. அல்லது வராமலே போகின்றன.

இம்முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நமது கருத்து. எத்தனை மனை என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். பொதுவுக்கு எது எது வேண்டும் என்பதை முதலில் அளந்து ஒதுக்கி, எஞ்சியதையே மனைகளாகப் பிரிக்க வேண்டும். ஏனெனில் மனை என்பது பதிவான நாள் முதல் ஒருவரின் உடைமை. அதன்பின் தெருவை ஒரு முழம் அகலமாக்க வேண்டுமென்றாலும் இரு பக்கத்தாரின் வாசலையும் இடிக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு கோட்டைத் தள்ளிப் போடுவது ஒரு நிமிட வேலை. கட்டிய சுவரைத் தள்ளிப் போடுவது ஒரு தலைமுறையிலும் ஆகாத காரியம்.

முதலில் நெசவாளரின் தேவையைப் பார்ப்போம். பழைய நெசவூர்களின் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருப்பதை நாம் காண்கிறோம். பாவை நீட்டி விரித்து, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் உலர்த்தியெடுக்கத் தடையற்ற நீண்ட வெளி வேண்டும். சேலம் வட்டாரத்தில் நெசவாளர் வாழும் பகுதிகளில் ‘பாவடி’ என்ற பெயரே இதற்காக வழங்கிவரும் பொது வெளிகள் உண்டு. அவற்றை ஒதுக்கியவர்கள் நிலத்தின் விலை அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாவடி இருக்க முடியாது, ஊருக்கு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னர் ‘நெசவாளர் காலனி’ என்ற பெயரோடு எழுந்த குடியிருப்புகள் சிலவற்றில் பாவு விரிக்க இடமில்லை என்பதைக் காணும்போது, பெயரை மட்டும் நெசவாளருக்குக் கொடுத்துவிட்டு இடத்தைக் கொடுக்க மறந்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அடுத்தது தறிக்குழி. ஊரெல்லையில் மலிவாகக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் தாழ்ந்த நிலமாகவே இருக்கும். மலிவுக்குக் காரணமும் அதுதான். தரையை மண் கொட்டி உயர்த்தி வீடு கட்டிவிட்டால் வாசற்படிக்குத் தண்ணீர் வராமல் தடுத்துவிடலாம். ஆனால் குழித்தறி போடுபவர் வீட்டுக்குள்ளேயே தரையைத் தோண்டியல்லவா உட்கார வேண்டும்? நிலத்தடி ஈரம் மேலேறி வந்தால் குழியில் நீர் ஊறும், பாவு தளரும், மிதிபலகை நனையும், தறி நின்றுவிடும். மழைக்காலத்தில் தறி நிற்கும் நாட்களுக்குக் கூலி இல்லை என்பதை நெசவாளர் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் வட தமிழகத்தில் பெய்த பெருமழை, எந்தக் குடியிருப்பு மேட்டில் இருக்கிறது, எது நீரின் வழியில் இருக்கிறது என்பதை யாவருக்கும் காட்டிச் சென்றது.

ஆகவே நிலம் பார்க்கச் செல்வோருக்கு ஒரு யோசனை கூறுவோம். சித்திரையில் சென்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செல்லுங்கள். நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாகத் தறிக்குழி ஆழத்திற்கு ஐந்து குழிகள் வெட்டுங்கள். மூன்று நாள் கழித்துச் சென்று, எந்தக் குழியில் நீர் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் கூலியில் கிடைக்கும் இந்த அறிவை, வீடு கட்டியபின் ஐந்து லட்சம் ரூபாய் செலவிட்டாலும் பெற முடியாது.

வீட்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். 2016இல் தொடங்கிய மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர் என வைக்கப்பட்டது. அது ஏறக்குறைய 269 சதுர அடி. தலைக்கு மேல் கூரை இல்லாதவருக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு தறியையும் போட்டுவிட்டால் குடும்பம் எங்கே படுப்பது? எனவே எந்தத் திட்டத்தின் உதவியைப் பெற்றாலும், வீட்டோடு ஒட்டித் தறிக்கூடம் எழுப்ப மனையில் இடம் விட்டு வரைபடம் போட வேண்டும். அதன் அளவை அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்யக் கூடாது. இன்று நெய்துகொண்டிருக்கும் அங்கத்தினர் வீட்டுக்கே அளவுகோலோடு செல்ல வேண்டும். அங்கே பெண்களையும் கேட்க வேண்டும். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டுள்ளோர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். சன்னல் எந்தப் பக்கம் வைத்தால் இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியும் என்பதை அவர்களைவிட யார் நன்கு சொல்ல முடியும்?

இனி விவசாயியின் பக்கம் வருவோம். ஊரெல்லை நிலம் என்பது வெறும் பொட்டல் அன்று. அதனூடே ஒரு கிளை வாய்க்கால் ஓடும். அதன் ஓரத்தில் ஒரு வண்டிப்பாதை போகும். மேட்டு நிலத்து மழைநீர் அதன் வழியாகவே ஏரிக்கு வடியும். இவற்றுள் எதை அடைத்தாலும் துன்பம் குடியிருப்பில் தெரியாது. அதற்கு அப்பாலுள்ள கடைமடை வயலில்தான் தெரியும்.

நாம் கணக்காய்வுக்குச் சென்ற ஓர் ஊரில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். அங்கே மனைப்பிரிவு போட்டவர்கள் வாய்க்காலை மூடி, அதற்குப் பதிலாக ஒரு சிறு குழாயைப் பதித்து, மேலே சாலை அமைத்துவிட்டனர். கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. மழைக்காலத்திலோ குழாய் கொள்ளாத நீர் திரும்பிக் குடியிருப்பிலேயே நின்றது. முடிவில் ஒரே ஊரார், ஒரே திருவிழாவுக்கு வரி கொடுப்பவர்கள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எதிரெதிர் மனுக்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்றனர். நெசவாளர் சங்கத்து அங்கத்தினர் ஒரு பக்கம். வேளாண்மைக் கடன் சங்கத்து அங்கத்தினர் மறுபக்கம். இரு சாராரும் கூட்டுறவாளர்களே. வரைபடம் போடும் நாளில் இரு சங்கத்தாரும் ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தால் அந்த வழக்கே பிறந்திராது.

சாயத் தண்ணீரைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டு, திருப்பூர்ச் சாயக் கழிவால் விவசாயிகளுக்கே பயன்படாமற் போன கதை நாடறிந்தது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. நமது குடியிருப்பில் நடப்பது அவ்வளவு பெரிய தொழில் அன்று என்பது உண்மை. ஆயினும் நூறு வீட்டுக் கஞ்சித் தண்ணீரும் சாயத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் விழுந்தால், பக்கத்து வயலுக்கு அது சிறிதாக இராது. கழிவுநீர் சேரவும் கழியவும் ஓரிடத்தை முதல் நாளே ஒதுக்கிவிடுவது நெசவாளர் விவசாயிக்குச் செய்யும் தயவு அன்று. தம் மானத்தைக் காத்துக்கொள்ளும் வழி.

“இவ்வளவும் ஒதுக்கினால் மனையின் விலை ஏறிவிடுமே, ஏழை அங்கத்தினர் எங்கே போவார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கணக்காலேயே விடை காண்போம்.

உதாரணமாக ஐந்து ஏக்கர் நிலம் ஒரு கோடி ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 2,17,800 சதுர அடி. சாலைக்கு நூற்றுக்கு 25 பங்கு ஒதுக்கினால் எஞ்சுவது 1,63,350 சதுர அடி. இப்பரப்புள்ள மனைப்பிரிவில், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் கழித்தால் 1,47,015 சதுர அடி நிற்கும். 1,200 சதுர அடி வீதம் 122 மனைகள். நிலத்தின் விலை மட்டும் மனைக்கு ஏறத்தாழ 82,000 ரூபாய்.

இப்போது சாலைக்கும் இதர பொதுத் தேவைக்குமாக நூற்றுக்கு 30 பங்கு ஒதுக்குவோம். அதே முறையில் கணக்கிட்டால் 114 மனைகள் வரும். மனைக்கு ஏறத்தாழ 87,700 ரூபாய். வேறுபாடு 5,750 ரூபாய் அளவில் நிற்கிறது. பத்தாண்டுத் தவணையில் கட்டினால், வட்டி நீங்கலாக மாதம் 48 ரூபாய். சில சில்லறை ஒதுக்கீடுகளையும் சீர்திருத்தச் செலவையும் இதில் நாம் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் ஒப்பீட்டின் போக்கு இதுவே.

இந்த ஐந்து பங்கில் கிடைப்பது 10,890 சதுர அடி. அதைக்கொண்டு 500 அடி நீளத்துக்கு வாய்க்காலின் இரு கரையிலும் ஐந்தைந்து அடி விடலாம்; அது 5,000 சதுர அடி. அப்பாலுள்ள வயல்களுக்குப் பத்தடி அகலத்தில் 500 அடி வண்டிப்பாதை விடலாம். அது மற்றோர் 5,000. மீதி 890 சதுர அடியில் கழிவுநீர்த் தொட்டி அமையும். மாதம் 48 ரூபாய்க்கு ஊரில் ஒரு வழக்கு குறைகிறது என்றால் அதை விலையேற்றம் என்று யார் சொல்வார்?

பாவடிக்கோ தனி நிலமே வேண்டியதில்லை. சட்டப்படி எப்படியும் விட்டாக வேண்டிய திறந்தவெளி, மேற்சொன்ன கணக்கில் 15,246 சதுர அடி வருகிறது. வழக்கத்தில் இதனை யாருக்கும் வேண்டாத மூலையில், மனைக்கு உதவாத கோணல் துண்டாகப் பார்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அது முட்புதராகிறது. அதையே நடுத்தெருவை ஒட்டி 300 அடி நீளமும் 50 அடி அகலமுமாக நேராக அமைத்தால் 15,000 சதுர அடி. ஊராட்சியின் இசைவைப் பெற்றுக்கொண்டால் காலையில் பாவு விரிக்கலாம்; மாலையில் பிள்ளைகள் விளையாடலாம். ஒரே நிலம், வடிவம்தான் வேறு.

“இன்னும் இருபது ஆண்டில் யார் நெய்யப் போகிறார்கள்? பாவே தயாராக வந்து இறங்குகிறதே” என்று சொல்வோரும் உண்டு. பல ஊர்களில் பாவு ஓட்டிய நிலையிலேயே வருவது உண்மைதான். அடுத்த தலைமுறை நெய்யுமா என்று உறுதி கூற நாமும் வல்லோம் அல்லோம். ஆனால் தறிக்கு இடமில்லாமல் வீட்டைக் கட்டிவிட்டு, மகன் தொழிலுக்கு வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. அவன் செய்ய வேண்டிய முடிவை அவனுக்கு முன்பே நாம் செய்துவிட்டோம். இடம் விட்டு வைத்தால் அவன் நெய்யலாம், அல்லது அதை வேறு தொழிலுக்கு ஆக்கிக்கொள்ளலாம். இடமே இல்லையென்றால் அவனுக்கு வழியே இல்லை. அகன்ற தெருவும் அவ்வாறே. பாவு வராத நாளிலும் அதன் வழியே மருத்துவ ஊர்தி வரும்.

சட்டத்தின் பக்கம் சில எச்சரிக்கைகளைக் கூறுவது நம் கடமை. நெசவாளர் சங்கமோ வேளாண்மைச் சங்கமோ தன் நிதியைக்கொண்டு மனைத்தொழில் செய்யத் துணைவிதியில் இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றைத் தனியே பதிவு செய்துகொள்வதே நேர்வழி. பங்குத் தொகையையும் மனைக்கான முன்பணத்தையும் ஒரே கணக்கில் கலப்பதால் வரும் இன்னல்களைத் தணிக்கை அறிக்கைகளில் ஆண்டுதோறும் படித்து வருகிறோம்.

நிலத்தின் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கைமாறலாகாது. புல வரைபடத்தில் வாய்க்கால் என்றோ ஏரி என்றோ குறித்திருக்குமானால், இன்று அது மேடாகத் தெரிந்தாலும் அது நீர்நிலையே. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. வேளாண் நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற, திட்டமில்லாப் பகுதிகளுக்கென 2017இல் தனி விதிகள் வந்துள்ளன. பொதுவாக, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு விற்பனைக்கு வருமுன் 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, முழுப் பணமும் கட்டிவிட்டு நின்றவர்கள் பெரும்பாலும் எளிய மக்களே. பின்னர் 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் விற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017இல் வழி பிறந்தது. அத்தகைய வழி இன்னொரு முறை பிறக்கும் என்று நம்பி எந்தச் சங்கமும் குறுக்குப் பாதையில் இறங்கலாகாது.

இறுதியாக, மனை ஒதுக்கீடு. நிர்வாகக் குழுவினருக்கு மூலை மனை, கூட்டத்தில் வாய் திறவாதவருக்கு வாய்க்காலோர மனை என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது. அனைத்தும் பேரவையின் முன் குலுக்கலில் முடிவாகட்டும். இன்னார் தெரு, இனத்தார் தெரு என்று வரைபடத்திலேயே கோடு போடும் வழக்கமும் வேண்டாம். தமிழக அரசு 1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் பல வகுப்பினரும் அடுத்தடுத்த வீட்டில் குடியமர்த்தப்பட்டனர். ஒரே சங்கத்தில் ஒரே பங்குத் தொகை கட்டிய நம்மால் அதைச் செய்ய முடியாதென்றால், கூட்டுறவு என்ற சொல்லை நாம் எதற்காகப் பெயர்ப்பலகையில் எழுதிவைத்திருக்கிறோம்?

எனவே புதிய குடியிருப்பை எண்ணியுள்ள சங்கங்கள், அடுத்த பேரவைக் கூட்டத்தில் பின்வரும் பொருளில் ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்: “நிலம் தேர்ந்தெடுக்க நெசவாளர் இருவர், விவசாயிகள் இருவர், அவர்களுள் இருவரேனும் பெண்கள் அடங்கிய குழு அமைப்பது, அக்குழு மழைக்காலத்தில் நிலத்தைப் பார்த்துக் குழி வெட்டிச் சோதிப்பது, வாய்க்கால், வண்டிப்பாதை, வடிகால், பாவடி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றை முதலில் வரைபடத்தில் குறித்துப் பேரவையின் ஒப்புதல் பெறுவது, மனைகளின் எண்ணிக்கையை அதன் பின்னரே அறிவிப்பது.” ஐப்பசிக்கு முன் இத்தீர்மானம் நிறைவேறினால், குழு இவ்வாண்டு மழையிலேயே தன் பணியைத் தொடங்கிவிடலாம்.